25 குதிரைவலு எஞ்சின்: பிரித்துச் செய்வதா, புதிதாக வாங்குவதா?

மாதகல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாரும் தம்பியும் தொழிலுக்குப் போகும் 18 அடிப் பைபர் படகில் யமஹா என்டியூரோ வகை 25 குதிரைவலு எஞ்சின் பூட்டியிருக்கிறோம். இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், பெற்றோலில் ஓடுவது. 2010 இல் புதிதாக எடுத்தது. இதுநாள் வரை பிளக், இம்பெல்லர் (குளிரூட்டும் தண்ணீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரம்), கியர் ஒயில் என்ற வழக்கமான செலவுகளுக்கு மேல் அது எங்களிடம் எதுவும் கேட்டதில்லை.

சில வாரங்களாக வெறும் படகில் சுமாராக ஓடுகிறது. வலையும் ஐஸ் பெட்டியும் ஏறியதும் படகு தண்ணீரை விட்டு எழும்ப மறுக்கிறது. அரை வேகத்தில் உதறல் இருக்கிறது. ஸ்ராட் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தால் ஒரு சுற்றில் நன்றாகப் பிடித்து, அடுத்த சுற்றில் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஊரில் உள்ள மெக்கானிக் அழுத்தமானி வைத்துப் பார்த்தபோது கீழ்ச் சிலிண்டர் 115 காட்டியது, மேல்ச் சிலிண்டர் 70 தான்.

இதற்குப் பிறகு வீட்டில் மூன்று கட்சி ஆகிவிட்டது. மெக்கானிக், மேல்ச் சிலிண்டருக்கு மட்டும் ஒரு பிஸ்ரனும் றிங்கும் போட்டுத் தருகிறேன், செலவு அதிகம் வராது என்கிறார். யாழ்ப்பாணத்தில் இன்னொரு பட்டறையில் விசாரித்தபோது, இரண்டு சிலிண்டரையும் போர் செய்து (உட்சுவரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி), பிஸ்ரன், கிராங்க் பெயரிங், சீல், கஸ்கட் எல்லாம் மாற்ற, புதிய எஞ்சினின் விலையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் வரும் என்றார்கள். சித்தப்பாவோ, இவ்வளவு பழைய எஞ்சினில் காசைக் கொட்டாமல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றை எடுங்கள், பெற்றோல் பாதியாகக் குறையும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

எங்கள் தொழில் தூரத்துக்குப் போவதில்லை. போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளலாம். புதியது எடுப்பதென்றால் கடன்தான். சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கும் முன் ஒரு முடிவுக்கு வர வேண்டும். எதை வைத்து முடிவு செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


ஸ்பனர் எழுதியது:

தம்பி, மூன்று யோசனைகளில் முதலாவதை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். மற்ற இரண்டையும் எஞ்சினைத் திறந்து பார்க்காமல் யாராலும் தீர்மானிக்க முடியாது. திறக்காமல் தீர்ப்புச் சொல்பவர் எதையோ விற்க வந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த அழுத்த அளவை இன்னொரு தரம் எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், இரண்டு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், அக்சலரேற்றர் முழுவதும் திறந்திருக்க வேண்டும். அதை மூடிவைத்துக்கொண்டு இழுத்தால் காற்று உள்ளே போகாமல் எல்லாச் சிலிண்டரும் குறைவாகவே காட்டும். மானிக்கு மானி கணக்கு மாறும் என்பதால் 115 என்ற எண்ணைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் முக்கியம். அது பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுடையது நாற்பது வீதத்தைத் தொடுகிறது. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஒயிலை விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் ஏறினால் றிங்கும் சுவரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் கெட் (சிலிண்டரின் தலை மூடி) கஸ்கட் விட்டிருக்கலாம், அல்லது பிஸ்ரனின் தலையிலேயே ஓட்டை விழுந்திருக்கலாம்.

அதன் பிறகு கெட்டைக் கழற்றி, மேல்ச் சிலிண்டர் ஏன் கெட்டது என்று பாருங்கள். இரண்டு சிலிண்டரும் ஒரே நாளில் பிறந்து, ஒரே பெற்றோலைக் குடித்து, ஒரே கடலில் ஓடியவை. வெறும் முதுமை என்றால் இரண்டும் சேர்ந்துதான் தளர வேண்டும். ஒன்று மட்டும் விழுந்திருக்கிறது என்றால் அதற்கென்று தனிக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை உள்ளே விட்டுவிட்டுப் புதிய பிஸ்ரன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். ஒற்றைப் பிஸ்ரன் வேலை வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிஸ்ரனைக் கையில் எடுத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். புகை வெளியேறும் வாயில் பக்கம் மட்டும் நீளவாட்டில் கீறல் விழுந்து, அந்தப் பக்கம் ஒயில் கழுவிவிட்டதுபோல் வறண்டிருந்தால், அந்தச் சிலிண்டருக்குப் பெற்றோல் குறைந்து காற்றுக் கூடியிருக்கிறது. உங்கள் எஞ்சினில் ஒரே காபரேற்றர் இரண்டு சிலிண்டருக்கும் ஊட்டுகிறது என்றால், அடைப்புக் காபரேற்றரில் இருந்தால் இரண்டும் பட்டினி கிடந்திருக்கும். ஆகவே மேலே மட்டும் காற்று எங்கிருந்து புகுந்தது என்று தேட வேண்டும். பெரும்பாலும் பிளைவீலுக்குக் கீழே கிராங்கின் மேல் முனையில் இருக்கும் ஒயில் சீல்தான் குற்றவாளி. பிளைவீலைக் கழற்றிப் பாருங்கள். ஸ்ரேற்றருக்கு அடியில் பெற்றோலும் ஒயிலும் கலந்த கறுத்த ஈரம் படிந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. சீல் ரப்பர் நகம் பட்டால் அமுங்காமல் பிளாஸ்ரிக் போல் இறுகியிருக்கும்.

பிஸ்ரனைச் சுற்றிலும் பல இடங்களில் கீறல் இருந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். இம்பெல்லர் தளர்ந்தாலும் உப்புப் படிந்து தண்ணீர் வழி ஒடுங்கினாலும் முதலில் வேகுவது மேல்ச் சிலிண்டர், ஏனென்றால் தண்ணீர் கடைசியாகச் சேரும் இடம் அதுதான். பின்பக்கத் துளையில் தண்ணீர் பீறிடுகிறது என்பதை நம்பி ஏமாற வேண்டாம். சில எஞ்சின்களில் அந்த நீர் கெட்டைச் சுற்றி வராமலே வெளியேறும்.

பிஸ்ரன் தலையில் ஓட்டை என்றால் எரிபொருளைக் கேட்க வேண்டும். 2022 இல் பெற்றோல் கிடைக்காத மாதங்களில் மண்ணெண்ணெய் கலந்து ஓடிய பெற்றோல் எஞ்சின்கள் என் பட்டறைக்கு அப்படித்தான் வந்தன. மண்ணெண்ணெய்க்கென்று செய்யப்பட்ட எஞ்சினில் அழுத்தம் வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டிருக்கும். பெற்றோல் எஞ்சினில் அதை ஊற்றினால் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்ரனைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கும்.

இவையெல்லாம் பணம் கொடுத்தால் புதிதாகும் பகுதிகள். பழையதாகவே இருக்கப்போகும் பகுதிகள்தான் உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். அவற்றில் முதலாவது அலுமினிய புளொக்கின் தண்ணீர் அறைகள். பக்கவாட்டில் உள்ள புகைவழி மூடியைக் கழற்றுங்கள். இரும்பு ஆணிகள் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் கழுத்து முறியும். சூடு காட்டி, தட்டி, சற்று இறுக்கிப் பின் தளர்த்த வேண்டும். உள்ளே வெள்ளைப் படிவு மட்டும் என்றால் சுரண்டி எடுத்துவிடலாம். உப்பு அரித்து, கஸ்கட் உட்காரும் முகத்தில் குழி விழுந்து, அந்தக் குழி தண்ணீர் அறையிலிருந்து சிலிண்டர் வாய் வரை போயிருந்தால் அந்த புளொக்கில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

இரண்டாவது, கால், அதாவது தண்ணீருக்குள் இருக்கும் கியரும் புரப்பெல்லர்த் தண்டும் உள்ள பகுதி. எவ்வளவு செலவழித்து மேலே உள்ள எஞ்சினைப் புதுப்பித்தாலும் கால் பழையதுதான். கியர் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பாலும் தேநீரும் போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வலைத்தொழில் செய்யும் படகுகளில் நைலோன் தங்கூசி நூல் புரப்பெல்லருக்குப் பின்னால் சுற்றி, சூடாகி, தண்டின் சீலை அறுத்துவிடும். சீல் மட்டும் போயிருந்தால் சின்ன வேலை. கியர்ப் பற்கள் சிதைந்திருந்தாலோ, பாரத்தில் கியர் தானாக நழுவினாலோ, அந்தச் செலவையும் பட்டறை சொன்ன தொகையோடு கூட்டிப் பாருங்கள்.

என் கணக்கு இதுதான்: புளொக்கும் காலும் நல்லவை என்றால் மூன்றிலொரு பங்கு விலை கொடுத்துச் செய்வது தகும். எல்லாம் கூட்டிப் பாதி விலையைத் தாண்டினால் தகாது.


சங்கக் கணக்கு எழுதியது:

ஸ்பனர் அண்ணா சொன்னவற்றில் நான் தலையிடவில்லை. எனக்கு எஞ்சினைத் திறக்கத் தெரியாது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதுபவன் என்பதால் சித்தப்பாவின் பெற்றோல் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பாதியாகக் குறையும் என்பது மிகை. காபரேற்றர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும்போது எரியாத பெற்றோலும் சேர்ந்து போய்விடுகிறது, நான்கு ஸ்ட்ரோக்கில் அது நடப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வேறுபாடு மெதுவாக ஊர்ந்து வலை இழுக்கும்போதும் தூண்டில் ஓடும்போதும்தான் பெரிதாகத் தெரியும். முழு வேகத்தில் அது சுருங்கிவிடும். உங்கள் எஞ்சின் மணித்தியாலத்துக்கு 8 லீற்றர் குடிக்கிறது, நான்கு ஸ்ட்ரோக் 6 லீற்றர் குடிக்கும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓட்டம், ஆண்டில் 200 நாள் தொழில். மிச்சப்படுவது 800 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்றால் 240,000 ரூபாய். கலவை ஒயிலின் செலவும் இல்லாமல் போகும், ஆனால் எஞ்சின் ஒயில், பில்ரர் என்று வேறு செலவு வரும்.

இந்தத் தொகையை, நீங்கள் எடுக்கப்போகும் கடனுக்கு ஆண்டொன்றில் கட்ட வேண்டிய வட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டியே அதை விழுங்கிவிடுமானால் சித்தப்பாவின் யோசனை உங்களுக்குப் பொருந்தாது. நாளுக்கு நான்கைந்து மணித்தியாலம் ஓடுபவருக்கு இதே கணக்கு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ வரும்; அவருக்குப் புதியது எடுப்பதே இலாபம்.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு மாறுங்கள் என்று அடுத்து யாராவது சொல்லக்கூடும். 2022 ஆகஸ்ட்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானதை நம் கரைகளில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மலிவு எரிபொருளை நம்பி எஞ்சின் தெரிவு செய்த குடும்பங்களின் கணக்குப் புத்தகங்கள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன.

எஞ்சினை மாற்றாமலே பெற்றோலைக் குறைக்க ஒரு வழி உண்டு. படகு எழும்பி ஓடத் தொடங்கியதும் அக்சலரேற்றரைச் சற்றுத் தளர்த்தி ஓடினால் கரைக்கு வர சில நிமிடங்கள் கூடும், எரிபொருள் கணிசமாகக் குறையும். தம்பிமாரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்பது வேறு விஷயம்.


முல்லைக் கடல் எழுதியது:

நான் நான்கு ஸ்ட்ரோக் வைத்திருக்கிறேன். சத்தம் இல்லை, புகை இல்லை, பெற்றோல் குறைவு. இதில் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. ஆனால் எடுக்கும் முன் இரண்டு காரியங்களை யோசியுங்கள். எங்கள் கரையில் துறைமுகம் இல்லை, அலைக்குள்ளால் படகை ஏற்றி, எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். 25 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் ஏறக்குறைய 50 கிலோ. நான்கு ஸ்ட்ரோக் மாதிரியைப் பொறுத்துக் கூடும். அதைவிட, இறக்கிவைக்கும்போது கையேட்டில் காட்டிய பக்கமாகத்தான் சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் அடியில் கிடக்கும் ஒயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இருட்டில் களைத்து வரும் பொடியனுக்கு இது நினைவிருக்காது.

மற்றது, கவிழ்ந்து தண்ணீர் குடித்தால் இரண்டு ஸ்ட்ரோக்கைக் கரையிலேயே நன்னீரால் கழுவி, ஒயில் விட்டு, அன்றைக்கே ஓடவைக்கும் ஆட்கள் ஊருக்கு இருவர் இருப்பார்கள். நான்கு ஸ்ட்ரோக்குக்கு அப்படி இல்லை. உங்களுக்கு இறங்குதுறையும் பக்கத்தில் நல்ல பட்டறையும் இருந்தால் இவை பொருட்டல்ல.


மாதகல்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மெக்கானிக்கைச் சம்மதிக்கவைத்து எஞ்சினைத் திறந்துவிட்டோம்.

மேல்ப் பிஸ்ரனில் புகைவாயில் பக்கம் மட்டும் விரல் அகலத்துக்குக் கீறல் இருக்கிறது, மேல் றிங் அதன் பள்ளத்தில் ஒட்டிப்போயிருந்தது. கீழ்ப் பிஸ்ரன் நன்றாகவே இருக்கிறது. பிளைவீலைக் கழற்றியபோது ஸ்பனர் அண்ணா எழுதியபடியே அடியில் கறுத்த ஈரம். சீலின் உதடு ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. புகைவழி மூடியில் எச்சரிக்கையாகச் செய்தும் இரண்டு ஆணிகள் முறிந்தன. மீதியைத் துளையிட்டு எடுக்க வேண்டும். உள்ளே வெள்ளைப் படிவு தடிப்பாக இருக்கிறது, சுரண்டிய பிறகு உலோகத்தில் சிறு புள்ளிகள் தெரிகின்றன, ஆனால் கஸ்கட் முகத்தைக் குறுக்கே வெட்டும் குழி எதுவும் இல்லை. கியர் ஒயில் சாம்பல் நிறமாக வந்தது. புரப்பெல்லரைக் கழற்றினால் தண்டில் தங்கூசி ஒரு மோதிரம்போல் இறுகிக் கிடந்தது. கியர் நழுவுவதில்லை.

வட்டிக் கணக்கையும் பார்த்தோம். எங்கள் ஓட்டத்துக்குப் பெற்றோலில் மிஞ்சுவதைவிட வட்டி கூடுதலாக இருக்கிறது. சித்தப்பா இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது கேள்வி இரண்டு. கிராங்க் பெயரிங்குகளையும் கட்டாயம் மாற்ற வேண்டுமா? கீழ்ச் சிலிண்டர் நன்றாக இருக்கும்போது அதையும் போர் செய்ய வேண்டுமா?


ஸ்பனர் எழுதியது:

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது செய்யத் தகுந்த எஞ்சின். சீல் வெடித்து மேல்ச் சிலிண்டர் காற்றைக் குடித்திருக்கிறது. காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, புளொக் தப்பியிருக்கிறது. காலுக்கு இரண்டு சீலும் புதிய கியர் ஒயிலும் போதும் என்று நினைக்கிறேன். சீல் போட்ட பின் கொஞ்சம் ஓடிவிட்டு ஒயிலை மறுபடி வடித்துப் பாருங்கள். திரும்பவும் வெளுத்தால் தண்டிலேயே தங்கூசி பள்ளம் வெட்டியிருக்கிறது என்று பொருள்.

பெயரிங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்பேன். கிராங்க் வெளியே வந்தால்தான் சீல் மாற்ற முடிகிற நிலையில், வேலைக்கூலி ஒன்றுதான். கொன்றொட்டை (பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டை) பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், அந்தத் திசையில் மயிரிழை ஆட்டமும் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. மேல்கீழ் ஆட்டம் இருந்து கிராங்க் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், அப்போது கணக்கு மாறும்.

கீழ்ச் சிலிண்டரை மைக்ரோமீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். கையேட்டு எல்லைக்குள் இருந்தால் போர் செய்யாமல் புதிய றிங் மட்டும் போட்டு மெருகு கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். என் பழக்கம் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, ஒன்று 0.25 மில்லிமீற்றர் கூடுதல், மற்றது பழைய அளவு என்று வைத்தால், பின்னாளில் திறக்கும் மெக்கானிக் குழம்பித் தவறான பிஸ்ரனை வாங்கி வருவார். எதுவாயினும் பிஸ்ரனை முதலில் வாங்கி, அதைக் கையோடு கொண்டுபோய், அதை அளந்துதான் போர் செய்யச் சொல்ல வேண்டும். நகல் பிஸ்ரன் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். இந்த வகை எஞ்சின் நம் பக்கத்து நாடுகளில் இன்னும் விற்பனையில் இருப்பதால் அசல் உதிரிப்பாகம் கிடைப்பதில் சிரமமில்லை. அமெரிக்காவில் 1998 முதல் 2006 வரை படிப்படியாக இறுகிய புகை விதிகளால் காபரேற்றர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக்குகள் அங்கே கடைகளை விட்டுப் போய்விட்டன. அந்த நிலை இங்கே வரும்போது இந்தப் பேச்சை வேறு மாதிரிப் பேசலாம்.

பூட்டிய பின் முதல் பத்து மணித்தியாலம் 25 க்கு 1 கலவை, அதாவது 20 லீற்றர் கானுக்கு 800 மில்லிலீற்றர் ஒயில். அந்த நேரம் முழு வேகமும் வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டமும் வேண்டாம். அதன் பிறகு 50 க்கு 1, அதே கானுக்கு 400. ஓட்டோவுக்கு ஊற்றும் 2ரி ஒயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது, இதற்கு ரி.சி.டபிள்யூ-3 என்று போட்ட கடல் எஞ்சின் ஒயில்தான் ஊற்ற வேண்டும். உங்கள் மேல் றிங் பள்ளத்தில் ஒட்டிக்கிடந்ததற்கு ஒயிலும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், தம்பியிடம் எந்தப் போத்தல் என்று கேட்டுப் பாருங்கள்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: அடுத்ததாகக் கியர்ப்பெட்டி உடைந்தால் அவர் சொன்னதைக் கேட்டு மாற்றிவிடலாம், அதுவரைக்கும் மாதாமாதம் கடன் கட்டுவதாக நினைத்து ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

போர் முடிந்ததும் சிலிண்டர் அளவையும் பிஸ்ரன் அளவையும் இங்கே எழுதுங்கள். பூட்டுவதற்கு முன் இடைவெளி சரிதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.